மேலே ஒன்று, கீழே ஒன்று

இங்கே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா தம்பி? ஓ, உங்கள் பையா இது? யாரோ ஒரு அம்மா குனிந்து தூங்குகிறார்கள் என்று நினைத்தேன். எழுப்ப வேண்டாமே என்று இவ்வளவு நேரம் நின்றுகொண்டிருந்தேன். இந்தக் கூடத்தில் வெளிச்சம் போதவில்லை. கண் ஆஸ்பத்திரி என்று பெயர், பாதி விளக்கு எரியவில்லை. எல்லாம் எரிகிறதா? சரி. அப்படியென்றால் ஜன்னல் சின்னது.

நீங்கள் அம்மாவுக்காக வந்திருக்கிறீர்களா? புரையா? பயப்படாதீர்கள், இப்போதெல்லாம் அது பல் பிடுங்குவது மாதிரி என்கிறார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை. எனக்குக் கண்ணில் ஒரு குறையும் இல்லை. குறை இல்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறேன். நீங்கள் சிரிக்கிறீர்கள். நானே கேட்டால் நானும் சிரிப்பேன். ஆனால் அந்த நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. எங்கள் தெருவில் கேட்டால் சொல்வார்கள், தனகோட்டியா, அவர் வாயைத் திறந்தால் ஒரு வார்த்தைதானே என்று. அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது கெடுத்துவிட்டார்கள்.

நான் புறாப் பந்தயத்தில் நடுவர். வியாசர்பாடிப் பக்கம். ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ப் பறக்கவிட்டு யார் புறா முதலில் வீடு சேருகிறது என்று பார்ப்பார்களே, அது இல்லை. எங்கள் புறா எங்கும் போகாது. சொந்தக்காரர் வீட்டு மாடிக்கு மேலேயே சுற்றிச் சுற்றி உயரப் போகும். எது அதிக நேரம் இறங்காமல் நிற்கிறதோ அது ஜெயித்தது. காலையில் விட்டால் பொழுது சாய்கிற வரை ஒரு வாய் தண்ணீர் இல்லாமல் நிற்கிற புறாவும் உண்டு என்பார்கள். நடுவர் காலையில் இறக்கையில் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டு அந்த மாடியிலேயே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். மணிக்கு ஒரு தடவையாவது புறா நடுவர் கண்ணில் பட வேண்டும். படாவிட்டால் ஆட்டத்தில் இல்லை. ஏன் அந்த விதி என்று கேட்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அது நான்கு தெரு தள்ளி ஒரு வேப்பமரத்தில் உட்கார்ந்து இளைப்பாறிக்கொண்டிருக்கலாம் இல்லையா? அதற்காகத்தான்.

அதனால் நடுவர் 'பார்த்தேன்' என்றால் அது பறந்தது. 'பார்க்கவில்லை' என்றால் பறக்கவில்லை. நடுவில் வேறு பேச்சு கிடையாது. நான் அரிசி மண்டியில் எடை போட்டவன். படிப்பு எட்டாவது. தராசு முள் நடுவில் நிற்காமல் மூட்டையை இறக்க விட மாட்டேன். அதைப் பார்த்துத்தான் என்னை நடுவராகப் போட்டார்கள். இருபத்தாறு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன்.

முனிரத்தினம் என்று ஒருவன். பஞ்சர் கடை வைத்திருந்தான், இப்போது மருமகன் சம்பாத்தியம். பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவன். அவன் ஏழாவதோடு நின்றான், நான் எட்டாவதோடு. அவனைச் சிநேகிதன் என்றுதான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

நாலைந்து வருஷமாக நான் யார் வீட்டு மாடியில் நடுவராக உட்கார்ந்தாலும் அவனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான். டீ வாங்கி வருவான். வெயிலுக்குக் குடை பிடிப்பான். புறா தெரிகிற நேரம் வந்தால் விரலை நீட்டுவான். "அதோ பாருடா, தண்ணி டேங்குக்கு மேல, ஒரு சாண் வலது பக்கம்." நான் பார்ப்பேன். பார்த்தேன் என்பேன். அவன் சொல்லாவிட்டாலும் நானே பார்த்திருப்பேன். அவன் கொஞ்சம் முந்திக்கொள்வான், அவ்வளவுதான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு எதிலும் அவசரம்.

போன வருஷம் உபைதுல்லா பாய் வீட்டில் பந்தயம். அன்றைக்கு முனிரத்தினம் மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருந்ததால் வரவில்லை. சரியாக அன்றைக்குத்தான் தகராறு. பாய் வீட்டுப் புறா மத்தியானத்துக்கு மேல் என் கண்ணில் படவில்லை. மாடி முழுக்க ஆட்கள். எல்லாரும் அண்ணாந்துகொண்டு, அதோ, அதோ என்கிறார்கள்.

"அண்ணாத்தே, அங்க கீது பாருங்க, ஊரே பார்க்குது!" என்றார் பாய்.

"ஊர் நடுவர் இல்லை பாய்" என்றேன்.

புறாவை ரத்து செய்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு மேகம் கொஞ்சம் இருந்தது. இல்லை என்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் மேகம்தான் இருந்தது.

அதற்குப் பிறகு சங்கத்தில் கூட்டம். செயலாளர் கஜபதி எழுந்து, "அண்ணாத்தேக்கும் வயசாயிடுச்சு, சின்னப் பையனா யாரையாவது பார்த்துப் போடலாம்" என்றான். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. முனிரத்தினம்தான் எழுந்தான். "அவன் கீற வரைக்கும் அவன்தான் நடுவர். அவன் வாயால சொல்லாத பந்தயத்துல என் புறா பறக்காது. கண்ணு விஷயத்தை நான் பார்த்துக்கறேன்" என்றான். கஜபதி உட்கார்ந்துவிட்டான். எனக்கு அன்றைக்குக் கண் கலங்கிவிட்டது தம்பி. கண் விஷயம் என்றால் என்ன விஷயம் என்று நான் அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

இப்போது புரிகிறது, எதற்காக எனக்காக அப்படிச் சண்டை போட்டான் என்று. புது ஆள் வந்தால் ஏமாற்ற முடியாது. என்னை ஏமாற்றலாம். நான் அவனை நம்புகிறவன்.

இருங்கள், முறையாகச் சொல்கிறேன். நடுவில் ராடார் வருகிறது.

இந்த வருஷம் பந்தயம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கிற கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில் நாலைந்து பிள்ளைகள் ஒரு ராடார் கொண்டுவந்து வைத்தார்கள். ராடார் என்றால் கோயில் குடை மாதிரி பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது ஃபிரிட்ஜ் கதவு அளவுக்கு ஒரு சப்பைப் பெட்டி. மூன்று கால். மெதுவாகத் தலையைத் திருப்பிக்கொண்டே இருக்கும். அவர்களில் பெரியவள் ஒரு பெண், ஜெசிந்தா என்று பெயர், நாகர்கோவில் பக்கம். சங்கத்துக்கு வந்து எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"பெரிய பிளேனைக் கண்டுபிடிக்கது லேசு ஐயா. அது பெருசு, வேகமா வரும், உயரத்துல வரும். இந்தக் கையளவு ட்ரோன் இருக்குல்லா, அதுதான் பாடு. சின்னது, மெதுவாப் போகும், கூரையை ஒட்டிப் பறக்கும். எங்க மிஷினுக்கு அதுவும் புறாவும் ஒண்ணு போலத்தான் தெரியும். அதான் புறா நிறையப் பறக்க இடமாப் பார்த்து வந்தோம். எது புறான்னு நீங்க சொல்லித் தந்தா, எது புறா இல்லன்னு அது படிச்சுக்கிடும்."

"எங்க மாமியார் வந்தா மணி அடிக்குமாம்மா?" என்றான் ஒருவன்.

"பறந்து வந்தா அடிக்கும் அண்ணே."

"அது பறந்துதான் வரும்!"

ஒரே சிரிப்பு. கஜபதியின் தொப்பை அந்தத் திரையில் எத்தனை அங்குலம் வரும் என்று வேறு கேட்டார்கள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று. கேட்டதற்குத்தான் பதில் சொல்வாள். தெரியாததைத் தெரியாது என்பாள். முதல் வாரம் அந்த மிஷின் பஜ்ஜிக்கடைப் புகைவிசிறியைப் பார்த்து ட்ரோன் என்றது. மரத்தில் மாட்டிய பிளாஸ்டிக் பையைப் புறா என்றது. அவள் மறைக்கவில்லை, எல்லாரிடமும் சொன்னாள்.

எப்படிப் பிரிக்கிறது என்று கேட்டேன். கிணற்றுக்குள் கூப்பிட்டால் குரல் திரும்பி வருகிற மாதிரி, அது ஓர் அலையை அனுப்பும், பட்டது திரும்பி வரும். புறா மேல் பட்டால் சிறகு மேலும் கீழும் அடிக்கிற துடிப்பு அந்த அலையில் கலந்து வரும். ட்ரோன் மேல் பட்டால் விசிறி சுற்றுகிற நடுக்கம் வரும், அது வேறு மாதிரி, படபடவென்று. உருவத்தைப் பார்ப்பதில்லை, துடிப்பைப் பார்க்கிறது. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்றும் சொல்லிவிடும். எனக்கு அது நியாயமாகப் பட்டது. தராசும் உருவத்தைப் பார்ப்பதில்லை.

தினமும் காலையில் எனக்குப் போன் செய்வாள். நான் மாடியில் இருப்பேன், முனிரத்தினமும் இருப்பான்.

"ஐயா, இப்ப உங்க தலைக்கு மேல எத்தனை?"

"ஆறும்மா."

"எனக்கு ஏழு காட்டுதே."

நான் மறுபடி பார்ப்பேன். முனிரத்தினம் காதோரம், "ஏழுடா, ஏழு" என்பான். அப்போதுதான் ஏழாவது எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும். ஏழு என்று சொல்வேன். இப்படிப் பல நாள் நடந்தது. புறாக்கள் ஒன்று இரண்டு எப்போதும் பிந்தி வரும்.

பந்தயக் கடைசி நாள் முனிரத்தினம் வீட்டு முறை. அவனிடம் ஒரு சாம்பல் நிறப் பெட்டை, மல்லிகா என்று பெயர் வைத்திருந்தான். நல்ல பறவை, அதில் பொய் சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை. மண்டபத்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை, மிஷின் ஓடாது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார்கள். போன வருஷத் தகராறுக்குப் பிறகு, பந்தய நாளில் மாடியில் நடுவரும் அவருக்குக் குடை பிடிக்க ஒருவரும் சொந்தக்காரரும் தவிர யாரும் நிற்கக் கூடாது என்று புது விதி போட்டிருந்தார்கள். யார் சொல்லிப் போட்ட விதி தெரியுமா? முனிரத்தினம் சொல்லி.

ஆறு மணிக்கு முத்திரை குத்தி விட்டோம். மல்லிகா எட்டு மணிக்கெல்லாம் ரொம்ப உயரம் போய்விட்டது. பக்கத்து மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது. அவன் மருமகன் லோகநாதனைக் காணவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற பையன், புறா விஷயத்தில் மாமனாருக்கு வலது கை.

"எங்கடா லோகு?" என்றேன்.

"வேலைக்குப் போயிருக்கான்டா, ஒரு கல்யாணம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் கிடையாது. நான் காலண்டரைப் பார்க்காமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் இல்லை. அப்போதே மனதில் தட்டியது. சரி, வரவேற்பாக இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

ஒன்பது மணிக்கு முனிரத்தினம் விரலை நீட்டினான். "அதோ." பார்த்தேன். தம்பி, அன்றைக்குப் பார்த்த மாதிரி நான் பல வருஷமாகப் பார்த்ததில்லை. பளிச்சென்று ஒரு புள்ளி. டேங்குக்கு நேர் மேலே, மெதுவாக ஒரு வட்டம் போட்டது. பிறகு மறைந்துவிட்டது. பத்து மணிக்கும் அப்படித்தான். பதினொன்றுக்கும். எனக்கு ஒரே சந்தோஷம். என் கண்ணைப் பற்றிப் பேசினார்களே, அவர்கள் இப்போது வந்து பார்க்கட்டும் என்று இருந்தது.

"என்னடா, இன்னைக்கு மல்லிகா இவ்வளவு தெளிவாத் தெரியுது!" என்றேன்.

"டீ சாப்பிடறியா?" என்றான்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் மல்லிகா வந்து இறங்கியது. முத்திரை சரியாக இருந்தது. பதினொரு மணி நேரத்துக்கு மேல். எங்கள் சங்கத்தில் அதுவரை யாரும் அந்த நேரத்தைத் தொட்டதில்லை. கீழே தெருவில் மேளம். கஜபதி மாலையோடு வந்தான். நான் படியில் நின்று, "மணிக்கு மணி பார்த்தேன். சரி" என்று சொன்னேன். விசில் அடித்தார்கள். முனிரத்தினம் என் தோளில் கையைப் போட்டான். அந்தக் கை என் தோளில் இருக்கும்போதுதான் அந்தப் பெண் ஓடி வந்தாள், கையில் அந்த மடக்குக் கம்ப்யூட்டரோடு.

"ஐயா! எங்க மிஷின் ஜெயிச்சிட்டு ஐயா!"

பந்தய நாள் என்று ஆசைப்பட்டு, விடுமுறையிலும் தனியாக வந்து மிஷினைப் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். யாருக்கும் தெரியாது.

"யாரு ட்ரோன் விட்டது? எங்களுது பெட்டிக்குள்ள பூட்டிக் கிடக்கு. இத்தனை புறாவுக்கு நடுவுல தனியாப் பிரிச்சுக் காட்டிருக்கு! மணிக்கு ஒருக்கா வருது, அஞ்சு நிமிஷம் சுத்துது, போயிருது. இந்த அண்ணன் வீட்டுக்கு நேர் மேலதான். நூறு மீட்டர்கூட உயரம் கிடையாது!"

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். என்ன சொல்கிறோம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. மேளம் நின்றது. என் தோளில் இருந்த கை எடுபட்டது.

"என்னடா இது?" என்றேன்.

"அப்புறம் பேசலாம்டா."

"இப்பவே."

லோகநாதனைப் பின்தெரு மாடியிலிருந்து கூட்டி வந்தார்கள். பையிலிருந்து எடுத்து என் கையில் வைத்தான். உள்ளங்கை அளவு. நான்கு சின்ன விசிறி. சாம்பல் நிறம் பூசியிருந்தது. நான் ஆயிரம் மீட்டருக்கு மேலே பார்த்ததாக நினைத்தது என் கையில் இருந்தது. பக்கத்தில் இருக்கிற சின்னதும் தூரத்தில் இருக்கிற பெரியதும் கண்ணுக்கு ஒன்றுதான் தம்பி. இரண்டும் புள்ளி. புள்ளிக்கு முகமா இருக்கிறது? அது யாருக்கும் நடக்கும். உங்களுக்கும் நடக்கும். கண்ணின் குறை இல்லை அது.

நான் அதே படியில் நின்று, "ரத்து" என்றேன்.

அப்போது முனிரத்தினம் அந்தப் பெண்ணிடம் திரும்பினான். "அம்மா, கீழ சுத்தினதைச் சொல்லிட்ட. மேல ஒண்ணு சுத்திச்சே, அதையும் சொல்லும்மா."

அவள் மிரண்டுபோய் அந்தத் திரையைப் பார்த்தாள். "மேல புறாதான் இருந்திச்சு. சிறகுத் துடிப்பு நல்லாத் தெரியுது. காலையில ஏறினது, சாயங்காலம் வரை எறங்கவே இல்ல."

கூட்டம் திரும்பவும் கத்த ஆரம்பித்தது. "அப்புறம் இன்னா அண்ணாத்தே, புறா மேலதான் இருந்திருக்குது!" என்றான் கஜபதி.

"நான் பார்க்கவில்லை" என்றேன். "இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்கும். படவில்லை. அதனால் இல்லை."

"மிஷின் சொல்லுதே?"

"மிஷின் தப்பாகச் சொல்கிறது. பிளாஸ்டிக் பையைப் புறா என்று சொன்ன மிஷின்தானே?"

"அப்ப ட்ரோனுன்னு சொன்னது மட்டும் சரியா?"

"அது சரி. அது என் கையில் இருக்கிறது."

கஜபதி தலையில் அடித்துக்கொண்டான். இதில் என்ன குழப்பம் சொல்லுங்கள். ஒன்றைச் சரியாகச் சொன்னதால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் என்று இருக்கிறதா?

முனிரத்தினம் என் கிட்டே வந்தான். மாலை இன்னும் கழுத்தில் இருந்தது. அவன் கத்தினால் நான் தாங்கியிருப்பேன். கத்தவில்லை.

"நாலு வருஷமா விரலை நீட்டி நீட்டி எனக்குத் தோள்பட்டை போச்சுடா" என்றான். "இந்த வருஷம் விரலும் பத்தல. நான் காட்டற பக்கம் நீ பார்க்கல, என் மூஞ்சைப் பார்த்துத் தலையாட்டற. பறவை மேலயே கீது, நீ இல்லன்னு சொல்லிடுவ. பாய்க்குச் சொன்ன மாதிரி. அப்புறம் ஒனக்கு நாற்காலி இல்ல. அதான், ஒன் கண்ணுக்கு எட்டற உசரத்துல ஒண்ணை விட்டேன்."

"என்னிடம் சொல்லியிருக்கலாமே?"

"ரெண்டு தபா சொன்னேன்டா. கண்ணைக் காட்டுடான்னேன். தூசின்னு சொன்ன."

சொன்னானாம். எனக்கு ஞாபகம் இல்லை. எங்கள் பக்கம் தூசி அதிகம், அது உண்மை.

நீங்கள் படித்தவர் மாதிரி தெரிகிறீர்கள். நீங்களே சொல்லுங்கள். எதிரி ஒருவன் இதைச் செய்திருந்தால் ஒரு வாரம் திட்டிவிட்டு மறந்திருப்பேன். இவன் என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் குடை பிடித்துக்கொண்டு, என் வாயாலேயே பொய் சொல்ல வைத்திருக்கிறான். எனக்கே தெரியாமல். மணிக்கு ஒரு பொய். நான் 'பார்த்தேன்' 'பார்த்தேன்' என்று ஒரு பொம்மையைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் என்ன நினைத்திருப்பான்? நான் சந்தோஷப்பட்டேன் தம்பி. தெளிவாகத் தெரிகிறது என்று அவனிடமே சொல்லிச் சந்தோஷப்பட்டேன். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அந்த நேரத்தில் டீ சாப்பிடறியா என்று கேட்டானே.

புறா மேலே இருந்ததா இல்லையா என்பது எனக்கு இரண்டாவது. இருந்திருந்தாலும் சரி, நான் 'பார்த்தேன்' என்று சொன்னது அதை இல்லை. அப்படிப் பார்த்தால் நான் சொன்ன பழைய 'பார்த்தேன்' எல்லாம் என்னவாகும்? நாலு வருஷம், எத்தனை வீட்டு மாடி. அதையெல்லாம் நான் இப்போது எண்ண ஆரம்பித்தால்... வேண்டாம். அவையெல்லாம் சரியாகத்தான் இருந்தன. அவன் இந்த ஒன்றில்தான் ஏமாற்றினான்.

அதிலிருந்து பேச்சு இல்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். முந்தாநாள்கூடக் கடைத்தெருவில் நன்றாகத் திருப்பிக்கொண்டேன். என் மகள் கூட வந்தாள். "அப்பா, அது முனிரத்தினம் மாமா இல்ல, போஸ்ட்மேன்" என்கிறாள். இருக்கட்டும். அவனும் அந்த உயரம்தான்.

சங்கத்தில் மறுபடி கூட்டம் போட்டார்கள். கஜபதி மரியாதையாகத்தான் சொன்னான். "அண்ணாத்தே, கண் டாக்டர்கிட்ட போய்ப் பார்வை சரியா இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நீங்க சொன்ன ரத்து நிக்கும், நாற்காலியும் ஒங்களுதுதான். இல்லைன்னா மிஷின் சொன்னதை எடுத்துக்கறோம். மல்லிகா ஜெயிச்சுதுன்னு ஆயிடும். பாய் புறாவையும் திரும்ப யோசிக்கணும்."

நான் சரி என்றேன். அப்போது முனிரத்தினம் எழுந்தான். என்ன சொன்னான் தெரியுமா? "வாணாம். அவனைக் கொண்டுபோய் எங்கயும் சோதிக்காதீங்க. எனக்குப் பரிசும் வாணாம், ஒண்ணும் வாணாம். ரத்துன்னே இருக்கட்டும்" என்றான்.

எவ்வளவு தந்திரம் பாருங்கள். நான் டாக்டரிடம் போனால் என் கண் சரியாக இருக்கிறது என்று தெரிந்துவிடும். தெரிந்தால் மேலே புறா இருந்தது என்று அவன் சொன்னது பொய்யாகிவிடும். அதனால் தடுக்கிறான். எனக்கு அப்போதுதான் கட்டாயம் வந்தே தீருவது என்று பிடிவாதம் வந்தது. மகள் வருகிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தனியாக வந்தேன். வருகிற வழியில் பஸ் கொஞ்சம் தவறிவிட்டது, வேறு ஒன்றில் ஏறிவிட்டேன். இப்போதெல்லாம் போர்டை ரொம்பச் சின்னதாக எழுதுகிறார்கள்.

அந்தப் பெண் ஜெசிந்தா வந்து பார்த்தாள். அழுதாள். "நான் வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் ஐயா" என்றாள். உன் மேல் தப்பில்லை அம்மா, நீ பார்த்ததைச் சொன்னாய் என்றேன். அவளுக்குப் பெரிய இடத்தில் பாராட்டாம். அந்த ஞாயிற்றுக்கிழமைக் கணக்கை வைத்துத்தான். யாரும் சொல்லாமல், யாரும் காட்டாமல், மிஷின் தானாகவே கண்டுபிடித்தது என்று.

அடுத்தது நான்தான் என்று நினைக்கிறேன். எனக்கு முன்னால் இருந்தவர் உள்ளே படித்துக்கொண்டிருக்கிறார், கேட்கிறதா? கதவு திறந்தே இருக்கிறது. காலையிலிருந்து எல்லாருக்கும் அதே அட்டைதான். மேலே ஒரே எழுத்து, ட. அதற்குக் கீழே ப, ர. அப்புறம் க, ம, வ. நாலாவது வரி ந, ட, ய, ப. அதற்கடுத்தது ல, க, ச, ர, ம. எல்லாரும் திணறுகிற கடைசி வரி வ, ப, ட, ன, க, ய. ஒரு அம்மா மட்டும் தடுமாறாமல் படித்தார்கள், அதிலிருந்து தெரிந்துகொண்டேன். நான் வேண்டுமென்று கேட்கவில்லை. காதில் விழுந்தது, மனதில் நின்றுவிட்டது. எனக்கு எதையும் ஒரு தடவை கேட்டால் போதும். அதில் தப்பு ஒன்றும் இல்லை. கண் நன்றாக இருக்கிறவனும் படிக்கப்போவது இதே எழுத்துகளைத்தானே?

ஒரே ஒரு சிக்கல். வரிசையாகக் கேட்டால் பரவாயில்லை. அந்த நர்சம்மா குச்சியை மேலே வைக்கிறார்கள், திடீரென்று கீழே வைக்கிறார்கள்.

என் பேரைத்தானே கூப்பிட்டார்கள்? ஆமாம், தனகோட்டி. வந்துட்டேம்மா, வந்துட்டேன்!

தம்பி, ஒரு சின்ன உதவி. உங்கள் அம்மா வர இன்னும் நேரம் ஆகும். கூட ஒருத்தர் வரலாம், இவ்வளவு பேருக்கும் விட்டார்கள். நீங்கள் சும்மா என் பின்னால் வந்து நில்லுங்கள், போதும். குச்சி எந்த வரியில் இருக்கிறது என்று மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள். எழுத்தை நான் படித்துவிடுவேன்.